நாற்பத்தொன்றாவது வரிசை

ஜூன் 12, புதன்

இந்த நோட்டின் அட்டையில் ‘மாணவர் வருகைப் பதிவேடு’ என்று அச்சாகியிருக்கிறது. உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் கடையில் ஒன்று வாங்கி, பழுப்புத்தாள் அட்டை போட்டு, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு என்று எழுதி வைத்துவிடுவேன். முப்பத்தோரு வருடப் பழக்கம். இன்று தலைமையாசிரியர் குணசிங் சார் கூட்டம் போட்டு, இனிமேல் பதிவேடு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில்தான், மாதக் கடைசியில் ஒரே ஒரு ஏ4 தாளில் அச்செடுத்து அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

“ஆவுடையம்மாள் டீச்சர், உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. கிளாஸ் டீச்சர் பொறுப்ப வேற யாருக்காவது குடுத்திருவோம்” என்றார். எல்லோர் முன்னாலும், சிரித்துக்கொண்டே.

“கஷ்டம்னு நான் எப்ப சார் சொன்னேன்?” என்றேன்.

வருகிற மே மாதம் ஓய்வு பெறப் போகிறேன். அதற்குள் என்னை ஓரங்கட்டிப் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. பார்க்கலாம். வாங்கிய நோட்டை வீணாக்க மனசில்லை. தினமும் ஒரு வரியாவது இதில் எழுதிவிட்டுத்தான் படுப்பது என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

நாற்பது பெயரையும் தட்டி முடித்தேன். வழக்கப்படி பையன்கள் முதலில், பெண்பிள்ளைகள் அடுத்து, அகர வரிசை. தேதிக்கு ஒரு கட்டம் வீதம் குறுக்கே முப்பது கட்டம். திரையில் அழகாகத்தான் இருந்தது. அச்சுக்குக் கொடுத்தால் பெயர்கள் ஒரு தாளில், பதினைந்தாம் தேதி வரை இன்னொரு தாளில், மிச்சமெல்லாம் மூன்றாவது தாளில். ஒட்டி நீட்டினால் வாசலுக்குத் தோரணம் கட்டலாம்.

‘லேண்ட்ஸ்கேப்’ என்று ஒன்று இருக்கிறதாம். தாளைப் படுக்கப் போடுவது. அதை முதலிலேயே ஒருத்தரும் ஏன் சொல்லவில்லை?

ஜூன் 19, புதன்

படுக்கப் போட்டேன். கோடு இல்லாமல் வெறும் எழுத்தாக வந்தது. கோடு போடுவதற்காக எல்லாக் கட்டங்களையும் மொத்தமாகத் தேர்ந்து ‘பார்டர்’ கொடுத்தேன். எல்லாக் கட்டங்களும் என்றால் அந்த ஷீட்டின் அடி ஆழம் வரைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிரின்டர் வெறும் கட்டம் போட்ட தாளாகக் கக்கித் தள்ளியது. அலுவலக எழுத்தர் முப்பிடாதி ஓடி வந்தான்.

“டீச்சர், என்னத்த அமுக்குனீய? மிஷினு நிக்கவே மாட்டேங்கு!”

சுவிட்சை அணைத்துத்தான் நிறுத்தினோம். எண்ணிப் பார்த்தால் அறுபத்திரண்டு தாள். குணசிங் சார் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கெல்லாம் அழுகிற ஆள் நான் இல்லை. அறுபத்திரண்டையும் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கத்தில் மளிகைச் சீட்டு எழுதலாம்.

ஜூன் 20, வியாழன்

ஜெயித்துவிட்டேன்! ‘பிரின்ட் ஏரியா’ என்பதுதான் மந்திரம். தலைப்பிலிருந்து நாற்பதாவது பெயர் வரைக்கும் இழுத்துத் தேர்ந்து, இவ்வளவுதான் அச்சாக வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு வெளியே என்ன கிடந்தாலும் தாளில் வராது. பிறகு, எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும்படி ஒரு தட்டு. அன்றன்று எத்தனை பேர் வருகை என்று உச்சியில் தானே கூட்டிக் காட்டவும் வைத்துவிட்டேன். ஒரே தாள், நாற்பது பெயர், முப்பது நாள்.

சார் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். “பரவால்லியே டீச்சர்” என்றார். பரவாயில்லையாம்! சாயங்காலத்துக்குள் மற்ற வகுப்பு ஆசிரியர்கள் ஐந்து பேர் என்னிடம் வந்து நகல் வாங்கிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி வாயைத் திறந்தாரா?

வீட்டில் அவரிடம் காட்டினேன். துறைமுகத்தில் முப்பது வருடம் சரக்குச் சீட்டு எழுதியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “எழுத்து எறும்பு மாதிரிலா இருக்கு” என்றார். பொறாமை, வேறென்ன.

ஜூலை 23, செவ்வாய்

மாவட்டக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வந்தார். புதிதாக வந்திருக்கிற அம்மா. வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலைமையாசிரியர் அறையில் ஒரு தட்டு முந்திரிக்கொத்து தீர்ந்தது. என் வருகைத் தாளைக் கையில் எடுத்து “நீட்டா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். நாற்காலிக்கு அழகு, வேறு எதற்கும் உதவாது.

ஆகஸ்ட் 12, திங்கள்

புதுப்பெண் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். பெயர் சகாய ஆன்சி. பாம்பன் பக்கம். தகப்பன் இல்லை. தாய் லூர்து இங்கே நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்துச் சதை எடுக்கிற வேலைக்கு வந்திருக்கிறாள். பழைய பள்ளியில் கணக்கு மதிப்பெண் பதினொன்று. சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும்போதே குணசிங் சார் முகம் சுருங்கிவிட்டது. “மூணு வருசமா நூத்துக்கு நூறு ரிசல்ட் டீச்சர். பாத்துக்கிடுங்க” என்றார்.

நடுவில் சேர்கிறவர்களைப் பட்டியலின் கடைசியில் எழுதுவதுதான் எந்தப் பள்ளியிலும் வழக்கம். அகர வரிசையில் நடுவே சொருகினால் எல்லோருடைய எண்ணும் மாறிப்போகும். நாற்பத்தொன்றாவது வரிசையில் அவள் பெயரைத் தட்டினேன். அரை நிமிட வேலை. கை எப்படித் தேர்ந்துவிட்டது!

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆன்சி பத்து நிமிடம் தாமதம். சேர்ந்த மறுநாளே! வாசலில் நிறுத்தித் திட்டினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஆன்சி ஒன்பது நிமிடம். ஏன் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறாள். கல்லுளிமங்கி.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மாதத் தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். கரும்பலகை மூலையில் ‘பதிவு 41, வருகை 41’ என்று எழுதியிருந்தது. தாளின் உச்சியில் இன்றைய வருகை 40 என்று நிற்கிறது. எங்கேயோ ஒன்று குறைகிறது. கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆன்சி பதின்மூன்று நிமிடம்.

செப்டம்பர் 11, புதன்

ஆன்சி பதினோரு நிமிடம். உள்ளே வந்த கையோடு அட்சரேகை, தீர்க்கரேகை பற்றிக் கேட்டேன், மாட்டட்டும் என்று. எழுந்து நின்று சரியாகச் சொன்னாள். அதற்காகத் திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

ஆன்சி வரவில்லை. திட்டு மிச்சம்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆன்சி எட்டு நிமிடம். முன்னேற்றம்தான், ஆனால் சொல்லவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

வீட்டில் அவருக்குச் சர்க்கரை இருநூற்றைம்பது. அரிசி டப்பாவுக்குள் ஒரு பொட்டலம் மக்ரூன் ஒளிந்திருந்தது. கேட்டால், தீபாவளிக்கு வருகிறவர்களுக்காம். பொட்டலம் பாதி காலி, ஒருத்தரும் இன்னும் வரவில்லை. 

ஆன்சி பத்து நிமிடம்.

நவம்பர் 20, புதன்

விடிந்ததிலிருந்து அடைமழை. மாவட்டத்துக்கே விடுமுறை விடுவார்கள் என்று பார்த்தால் விடவில்லை. வகுப்பில் பதினேழு பேர்தான். ஆன்சி வந்தாள், பதினான்கு நிமிடம் தாமதமாக. புத்தகப் பையைப் பாலிதீன் உறையில் சுற்றித் தலைக்கு ஒன்றுமில்லாமல் வந்திருந்தாள். மழை நாளில்கூடச் சீக்கிரம் கிளம்பத் தெரியாதா என்று திட்டினேன். பிறகு என் துவாலையைக் கொடுத்தேன். துவட்டிவிட்டு மடித்து வைத்தாள். 

திட்டியிருக்க வேண்டாமோ.

ஜனவரி 8, புதன்

பொதுத்தேர்வுக்கு அனுப்பப்போகிற பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். இடைவேளையில் ஆன்சி என் முன்னால் வந்து நின்றாள். தானாக வந்து அவள் பேசியது இதுதான் முதல் தடவை.

“டீச்சர், எம்பேரு இல்ல டீச்சர்.”

“சரியாப் பாத்தியாட்டி?”

“மூணு தடவ பாத்துட்டேன் டீச்சர்.”

போய்ப் பார்த்தேன். இல்லை. முப்பிடாதியைப் பிடித்தேன். “சார் கையெழுத்துப் போட்ட மாசத் தாளப் பாத்துத்தான் டீச்சர் அடிச்சேன். நாப்பது பேருதான் இருந்துச்சு” என்று தாள் கட்டை எடுத்துப் போட்டான். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஐந்து தாள். ஐந்திலும் நாற்பதாவது பெயரோடு முடிந்துவிட்டது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண் பட்டியல்களையும் அதே மாதிரியை வைத்துத்தான் செய்திருந்தேன். அவற்றிலும் அவள் இல்லை.

எப்படி விடுபட்டது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஏதோ செய்திருக்கிறது. நாளைக்குச் சாரிடம் சொன்னால் திருத்திவிடுவார்.

ஜனவரி 9, வியாழன்

திருத்த மாட்டாராம்.

“ஒக்காருங்க டீச்சர். நடந்தது நடந்துபோச்சு. யோசிச்சுப் பாத்தா இதுவும் ஒரு நல்லதுக்குத்தான்” என்றார்.

“யாருக்கு நல்லது சார்?”

“ஸ்கூலுக்குத்தான். கணக்கு வாத்தியார்ட்டக் கேட்டேன், அரையாண்டுல ஒம்பது மார்க்கு. அது எழுதுனா நம்ம நூறு சதவீதம் அவ்வளவுதான். சேந்துச்சு, தொடர்ந்து வரலைன்னு எழுதிருவோம். அடுத்த வருசம் வேற எங்கயாவது எழுதட்டும்.”

“தினமும் வந்த பிள்ளைய வரலைன்னு எப்படி சார் எழுத?”

“வந்துச்சுன்னு தாள் சொல்லலியே டீச்சர்? தாள அடிச்சது யாரு? நீங்கதான?”

 எழுந்து வந்துவிட்டேன். கதவைச் சாத்தியதில் கண்ணாடி அதிர்ந்தது. அதிரட்டும்.

ஜனவரி 10, வெள்ளி

ஃபைலைத் திறந்தேன். நாற்பத்தொன்றாவது வரிசை பத்திரமாக இருக்கிறது. ஆகஸ்ட் பன்னிரண்டிலிருந்து அவள் வந்த நாள், வராத நாள் எல்லாம் இருக்கிறது. அச்சில்தான் வரவில்லை. ஜூன் இருபதாம் தேதி நான் வகுத்த பகுதி நாற்பதோடு முடிகிறது. உச்சியில் உள்ள கூட்டலும் நாற்பதோடு முடிகிறது. அகர வரிசையில் நடுவே சொருகியிருந்தால் இரண்டும் தானாகவே நீண்டிருக்குமாம். முப்பிடாதி செய்தே காட்டினான். வழக்கம் வழக்கம் என்று கடைசியில் எழுதியதால் அவள் வெளியே நின்றுவிட்டாள்.

கம்ப்யூட்டர் ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஆகஸ்ட் 30 கண்ணில் பட்டது. பலகையில் 41, தாளில் 40, எங்கேயோ ஒன்று குறைகிறது, பல்வலி. என் கையெழுத்துத்தான். அப்போதே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் முடிந்த விஷயம். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் மணியிலேயே சார் கூப்பிட்டார்.

“டீச்சர், அந்த ஃபைல்ல நாப்பத்தொண்ணாவது லைன் ஒண்ணு கெடக்கு. அத அழிச்சிருங்க. தாளும் ஃபைலும் ஒண்ணுபோல இருக்கணும்லா?”

“தாளத் திருத்துனாலும் ஒண்ணுபோல இருக்கும் சார்.”

“மே மாசம் ரிட்டயர்டு ஆகப்போறீய. கடைசி நேரத்துல சர்வீஸ் ரிஜிஸ்டர்ல ஒரு கறுப்பு விழணுமா? தப்பு ஒங்களுது. நான் மூடிவிடுதேன்னு சொல்லுதேன். ஏன் இத இம்புட்டுப் பெருசு பண்ணுதீய?”

“நீங்க மூடுறது என் தப்ப இல்ல சார், அந்தப் பிள்ளைய” என்றேன். “நான் அழிக்க மாட்டேன். ஆனதப் பாத்துக்கிடுங்க.”

 குரல் நடுங்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

ஜனவரி 21, செவ்வாய்

காலையில் ஃபைலைத் திறந்தால் நாற்பதோடு முடிகிறது. அழித்துவிட்டார்கள். முப்பிடாதி என் முகத்தைப் பார்க்காமல், “நான் இல்ல டீச்சர். ஆனா எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீய, ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன்” என்றான். மற்ற ஆசிரியர்களிடம் கேட்டேன், ஆன்சி தினமும் வந்தாள் என்று எழுதித் தருவீர்களா என்று. கணக்கு வாத்தியார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். இன்னும் திரும்பி வரவில்லை.

மதியம் எனக்கு ஒரு மெமோ வந்தது. தலைமையாசிரியரின் அறிவுரையை மதிக்காததற்கு விளக்கம் வேண்டுமாம். தருகிறேன், நல்லாத் தருகிறேன்.

ஜனவரி 22, புதன்

சாயங்காலம் ஆன்சி வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. லூர்துவின் விரல்களெல்லாம் நண்டு ஓடு கிழித்த கோடு. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, “நேரங்கழிச்சு வாரான்னு சொல்ல வந்தியளா டீச்சர்? தப்பு எம்மேலதான்” என்றாள்.

விடிவதற்கு முன் கம்பெனி வண்டி வந்து லூர்துவை ஏற்றிக்கொண்டு போய்விடுமாம். மூன்று வயதுத் தங்கச்சியை எழுப்பிக் குளிப்பாட்டிச் சோறு கொடுத்துப் பால்வாடியில் விடுவது ஆன்சி. பால்வாடி ஆயா வருவதே ஒன்பது பத்துக்கு. அங்கிருந்து பள்ளிக்கு ஓடினால் பதினைந்து நிமிடம். எங்கள் மணி ஒன்பது பதினைந்துக்கு.

ஐந்து மாதம் திட்டியிருக்கிறேன். ஒரு நாள் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

“ஏன்ட்டி நீ இத எங்கிட்டச் சொல்லல?” என்றேன்.

“சொன்னா தங்கச்சிய விட்டுட்டு வான்னு சொல்லுவிய. அவள எங்க டீச்சர் விட?” என்றாள்.

நடந்ததையெல்லாம் லூர்துவிடம் சொன்னேன், என் தப்பு என்பதையும் சேர்த்து. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

விடுப்புப் போட்டுவிட்டு ஆன்சியையும் லூர்துவையும் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகம் போனேன். ஜூலையில் வந்த அதே அம்மாதான். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தைப் படித்தார். ‘பிழை என்னுடையது. தண்டனை எனக்குத் தாருங்கள். மாணவி தேர்வு எழுத வேண்டும்’ என்று மூன்று வரியில்தான் எழுதியிருந்தேன்.

“நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வந்ததற்கு ஆதாரம் வேணும்மா. கையெழுத்தான தாளில் இல்லை. ஃபைலில் இல்லை. ஹெச்.எம். வரலைன்னு எழுதியிருக்கார். நீங்க வந்தாள்னு சொல்றீங்க. நான் எதை வச்சு முடிவு பண்றது?”

“நான் பொய் சொல்லல மேடம்.”

“பொய்னு சொல்லலை. அன்னைக்கு அன்னைக்கே எழுதினது ஏதாவது இருக்கா? இப்ப உட்கார்ந்து எழுதினது வேண்டாம். திங்கட்கிழமைக்குள்ள கொண்டு வாங்க. பட்டியல் செவ்வாய்க்கிழமை போயிடும்.”

இல்லை என்றுதான் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

இரண்டு நாளாக இந்த நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இதைக் கொடுத்தால் ஆகஸ்ட் 30 வெளியே வரும். தெரிந்தே விட்டேன் என்று ஆகிவிடும். கவனக்குறைவு வேறு, இது வேறு. குணசிங் சாரைப் பற்றி எழுதியதெல்லாம் வெளியே வரும். அந்த அம்மாவைப் பற்றி எழுதியது அந்த அம்மா கைக்கே போகும்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். 

“நான் மக்ரூன் தின்னது இருக்கா அதுல?”

“இருக்கு.”

“அத மட்டும் கிழிச்சிரலாம்லா?”

“ஒரு பக்கம் கிழிச்சாலும் மிச்சத்த எவன் நம்புவான்?”

“அப்ப குடுத்துரு” என்றார். “நாறுனா ரெண்டு பேருமாச் சேந்து நாறுவோம்.” முப்பத்தைந்து வருடத்தில் இந்த மனிதர் சொன்னதிலேயே நல்ல வார்த்தை இதுதான்.

மேடம், இதை நாளைக்கு நீங்கள் படிப்பீர்கள். ஜூலை 23 அன்று உங்களைப் பற்றி எழுதியதை அடிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுக் கேட்கிறேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அந்த அறுபத்திரண்டு தாளில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நோட்டு அலுவலகத்தில் இருக்கிறது. விசாரணை முடியும்வரை எங்கள் பள்ளிப் பட்டியலை மட்டும் நிறுத்தி வைத்திருப்பதாக முப்பிடாதி காதைக் கடித்தான். குணசிங் சார் என்னோடு பேசுவதில்லை. ஆசிரியர் அறையில் எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி. காலை நீட்டி உட்கார வசதியாக இருக்கிறது.

ஆன்சி பத்து நிமிடம். இன்று திட்ட வாய் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

கூப்பிட்டுவிட்டிருந்தார்கள், என்னையும் குணசிங் சாரையும். மேஜையில் இந்த நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் அலுவலக முத்திரை. ஆன்சி என்று வருகிற இடமெல்லாம் பச்சை மையில் எண் போட்டிருந்தது.

சார்தான் முதலில் ஆரம்பித்தார். “எம்மேல உள்ள கோவத்துல டீச்சர் எழுதிக் கொண்டாந்தது மேடம் இது. இத ஆதாரம்னு எடுக்கலாமா?”

“கோபம் இருக்கு. ஜூன் மாசமே ஆரம்பிச்சிருக்கு” என்றார் அந்த அம்மா. “உங்க மேல இருக்கு, என் மேல இருக்கு, அவங்க வீட்டுக்காரர் மேல இருக்கு. எல்லாரையும்விட இந்தப் பொண்ணு மேலதான் அதிகம். டிசம்பர் வரைக்கும் எண்பத்தெட்டு வேலை நாளில் எழுபத்தொன்பது நாள் இவளைத் திட்டியிருக்காங்க. எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதியிருக்காங்க. வராத ஒன்பது நாளையும் எழுதியிருக்காங்க. ஒரு பொண்ணு வரவே இல்லைன்னா தினமும் எதுக்கு சார் அவளைத் திட்டணும்?”



 நான் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் அவள் வந்த நாள். இவ்வளவு நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

ஆன்சியின் பெயரைச் சேர்த்து உத்தரவு போட்டார். தாள், ஃபைல் விஷயத்தில் சார் விளக்கம் எழுதித் தர வேண்டும். ஆகஸ்ட் 30-க்காக எனக்குக் கண்டனம், சர்வீஸ் ரிஜிஸ்டரில் ஏறும். அங்கேயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வாங்க வேண்டியதுதான்.

கிளம்பும்போது, “டீச்சர், ஜூலை இருபத்து மூணு” என்றார்.

“படிச்சியளா மேடம்.”

“முந்திரிக்கொத்து நான் ஒண்ணுகூடச் சாப்பிடலை. உங்க ஹெச்.எம்.தான் சாப்பிட்டார்.”

“அப்ப அத மட்டும் திருத்திக்கிடுதேன்.”

“திருத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும்” என்று நோட்டைக் கையில் கொடுத்தார். “வகுப்பை எட்டிப் பார்க்கலைங்கிறது உண்மைதான்.”

வெளியே வந்து மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன் என்று நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை. நோட்டில் எழுதிவிட்டேன், போதும்.

பிப்ரவரி 28, வெள்ளி

மாதத் தாள் கொடுக்கிற நாள். எனக்கு இது கடைசிக்கு முந்தின தாள்.

நாற்பத்தொரு பேரும் ஒரே பக்கத்தில் அடங்குவார்கள். அதற்கு ஒரு தட்டுப் போதும், எனக்குத் தெரியும். ஆனால் நாற்பதோடு பக்கத்தை முறித்தேன். தலைப்பும் தேதி வரிசையும் இரண்டாம் பக்கத்திலும் வருகிறாற்போல் வைத்தேன். முதல் பக்கத்தில் நாற்பது பேர். இரண்டாம் பக்கத்தில் தேதிகளுக்குக் கீழே ஒரே ஒரு பெயர். 41. சகாய ஆன்சி. பெரிய எழுத்து, எறும்பு இல்லை.

குணசிங் சார் இரண்டு தாளையும் புரட்டிப் பார்த்தார். மூன்று வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசினார்.

“ஒரே பக்கத்துல வருமே டீச்சர்?”

“வரும் சார்.”

“பின்ன எதுக்கு ரெண்டு தாள்?”

“ரெண்டுலயும் கையெழுத்துப் போடணும் சார். நான் நிக்கேன், நீங்க போடுங்க.”

பேனாவைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்தது. முதல் தாளில் போட்டார். இரண்டாவது தாளை என் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். நான் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். ஒற்றைப் பெயருக்குக் கீழே அவர் முழுக் கையெழுத்தும் விழுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

கணக்கு வாத்தியார் இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கணக்குப் போடவைக்கிறார். பயத்தில்தான் செய்கிறார், செய்யட்டும். போன திருப்புதல் தேர்வில் இருபத்தெட்டு வாங்கியிருக்கிறாள். முப்பத்தைந்துக்கு இன்னும் ஏழு. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது. தேர்வு நாட்களில் தங்கச்சியை எங்கள் வீட்டில் விடச் சொல்லியிருக்கிறேன். அரிசி டப்பாவில் என்ன இருக்கிறது என்று அந்தக் குட்டிக்கு அவர் இப்போதே காட்டிக்கொடுத்துவிட்டார்.

ஆன்சி இன்று எட்டு நிமிடம் தாமதம். வாசலில் நிறுத்தித் திட்டினேன். சிரித்தாள்.